வேலிக்கு அப்பால் யார்?

'பசுமை' என்னும் சொல் இன்று நாடெங்கும் ஒலிக்கிறது. மேடையிலே ஒலிக்கிறது, ஏட்டிலே ஒலிக்கிறது, கடையில் விற்கும் சோப்புக்கட்டியின் உறைமீதும் அச்சாகி மின்னுகிறது. ஜூன் 5ஆம் நாள் வந்துவிட்டால் அமைச்சர் முதல் பள்ளிச் சிறுவர் வரை மரக்கன்றும் கையுமாக நிற்கின்றனர். நல்லதே! மரம் நடுவதை யாரே பழிப்பர்? ஆயினும், கன்று நட்டுக் கைகழுவி வீடு திரும்பும் அன்பரிடம் ஒரு கேள்வி கேட்க விழைகிறேன். "ஐயா, இன்று காலை தங்கள் வீட்டு அடுக்களையிலிருந்து வெளியே போன குப்பை இப்பொழுது எங்கே இருக்கிறது?"

இக்கேள்விக்கு விடை கூற வல்லவர் நம்முள் மிகச் சிலரே. "வேலிக்கு அப்பால் போயிற்று" என்பதே பெரும்பாலோர் விடை. வேலிக்கு அப்பால் என்ன இருக்கிறது, யார் இருக்கிறார் என்று நாம் கேட்பதில்லை. குடும்ப வாழ்க்கையில் பசுமை என்பது மரக்கன்றில் தொடங்குவதன்று. இந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது. இதுவே நான் கூற வந்த கருத்து. மற்றவை எல்லாம் இதன் விரிவே.

இதைக் கூற எனக்கு என்ன தகுதி? இரண்டு உண்டு. முதலாவது, நான் எல்லையூரில் வளர்ந்தவள். காரோடு என்பது கேரளத்தின் தென்கோடியில், நெய்யாற்றின்கரை வட்டத்தில், பாறசாலையை அடுத்துள்ள ஊர். கழக்கூட்டத்திலிருந்து வரும் புறவழிச்சாலை முடியும் இடம் என்றால் பலர்க்கு விளங்கும். 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. கோடு வரைபடத்தில் விழுந்தது, விளைகளில் விழவில்லை. இங்கே விளைந்த வாழைக்குலை களியக்காவிளைச் சந்தைக்குப் போகிறது. அங்கே பிடித்த மீன் எங்கள் தெருவுக்கு வருகிறது. எங்கள் பேச்சிலே தமிழும் மலையாளமும் ஒரே வாக்கியத்தில் கைகோத்து வரும்.

இரண்டாவது தகுதி, என் தந்தையாரின் தொழில். அவர் திருநெல்வேலிச் சீமையிலிருந்து பிழைப்புத் தேடி வந்து, பழைய இரும்பும் தாளும் புட்டியும் வாங்கி விற்கும் கடை வைத்தவர். எங்கள் ஊரார் அதனை 'ஆக்ரிக்கடை' என்பர். கேரளத்து ஊர்கள் பலவற்றில் இத்தொழில் செய்வோருள் தமிழர் மிகப் பலர். பிறர் வேண்டாம் என்று தள்ளியதை எடுத்து, பிரித்து, நிறுத்து, மீண்டும் ஆலைக்கு அனுப்புவது அவர்கள் வேலை. 'மறுசுழற்சி' என்னும் சொல் நூல்களில் ஏறுவதற்கு முன்பே அதனைச் செய்தவர்கள் அவர்கள். ஆயினும் 'ஆக்ரி' என்னும் சொல் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்து முற்றத்தில் வசைச்சொல்லாக வழங்கிய காலத்தையும் நான் அறிவேன். குப்பையை உண்டாக்குபவனுக்கு மதிப்பு உண்டு. அதை அகற்றுபவனுக்கு மதிப்பு இல்லை! இந்த முறைகேட்டைப் பற்றிப் பின்னர்க் கூறுவேன்.

எல்லையில் வாழ்பவர்க்கு ஒரு வசதி உண்டு. நாட்டின் நடுவிலே மறைந்து நடப்பது எல்லையிலே கண்ணுக்குத் தெரிந்துவிடும். 2024ஆம் ஆண்டு டிசம்பரில் திருநெல்வேலி மாவட்டத்தின் நடுக்கல்லூர், கொடகநல்லூர், பழவூர் ஆகிய ஊர்ப்புறங்களில் கேரளத்து மருத்துவமனைக் கழிவுகள் கொட்டப்பட்டிருந்தமை வெளியாயிற்று. மூன்று நாட்களுக்குள் அவற்றை அள்ளிச் செல்லுமாறு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் கேரள அரசுக்கு ஆணையிட்டது. டிசம்பர் 22ஆம் நாள் கேரள அதிகாரிகள் லாரிகளோடு வந்து அக்கழிவை ஏற்றிச் சென்றனர். கோழிக் கழிவும் உணவுக் கழிவும் ஏற்றிய வண்டிகள் குமரி மாவட்டத்து எல்லையில் பிடிபட்ட செய்திகளையும் நாம் பலமுறை படித்திருக்கிறோம். என் தந்தையார் பிறந்த மண்ணின்மீது நான் வாழும் மண் எறிந்த குப்பை! அச்செய்தியைப் படித்த அன்று நான் எந்தப் பக்கத்தில் நின்று சினங்கொள்வது?

ஒருசிலர் உடனே இதை மலையாளி தமிழன் வழக்காக மாற்றிவிடுவர். அது தவறு. திருவனந்தபுரம் மாநகரம் 2000ஆம் ஆண்டு முதல் தன் குப்பையை விளப்பில்சாலை என்னும் அண்டைக் கிராமத்திற்கு அனுப்பியது. ஆலையிலிருந்து வடிந்த நீர் ஓடைகளைக் கெடுத்தது. நாற்றம் ஊரைச் சூழ்ந்தது. 2011 டிசம்பரில் அவ்வூர் மக்களும் ஊராட்சியும் ஒன்றுபட்டு ஆலையை மூடினர். இங்கே கொட்டியவனும் மலையாளி, கொட்டப்பட்டவனும் மலையாளி. தமிழகத்தை நோக்குவோம். சென்னைப் பெருநகரின் குப்பை பல்லாண்டுகளாகக் கொடுங்கையூரிலும் பெருங்குடியிலும் மலையாகக் குவிந்தது. பெருங்குடி மேட்டை ஒட்டியிருப்பது பள்ளிக்கரணைச் சதுப்புநிலம். 2022இல் உலகச் சிறப்புடைய ஈரநிலமாக ராம்சார் பட்டியலில் ஏறிய இடம் அது! இன்னும் அப்பால் செல்வோமா? பழைய மெத்தை, தரைவிரிப்பு என்று பெயரிட்டு இங்கிலாந்திலிருந்து கொழும்புத் துறைமுகத்திற்குக் கழிவுக் கொள்கலன்கள் வந்து இறங்கின. வழக்காடி, 2020 முதல் 2022 வரை அவற்றைத் தொகுதி தொகுதியாகத் திருப்பியனுப்பியது இலங்கை. நாடு நாட்டின்மேல் எறிகிறது. நகரம் கிராமத்தின்மேல் எறிகிறது. வீடு தெருவின்மேல் எறிகிறது. அளவு வேறு, குணம் ஒன்றே.

லாரி எங்கே புறப்பட்டது என்று ஆராய்ந்தால், பல வேளைகளில் அது ஒரு வீட்டு வாயிற்படியில், அல்லது ஒரு திருமணப் பந்தலில் புறப்பட்டிருக்கும். மருத்துவமனையின் பிழையை அரசு தண்டிக்கட்டும். அது சட்டத்தின் வேலை. நம் வாயிற்படியைக் காக்க எந்தத் தீர்ப்பாயம் வரும்?

நிற்க. குடும்பங்கள் செய்யக்கூடியவை யாவை என்பதை இனிக் காண்போம். அளந்து அறியாமல் விஞ்ஞானம் இல்லை. ஆதலின், கடைத் தராசை எடுத்து எங்கள் வீட்டுக் குப்பையை ஒரு வாரம் நிறுத்தேன். நாங்கள் ஐவர். ஏழு நாட்களில் சேர்ந்தது 7 கிலோ 400 கிராம். அதில் காய்த்தோல், மீன்செதில், எஞ்சிய சோறு முதலிய ஈரக்கழிவு 6 கிலோ 100 கிராம். தாளும் அட்டையும் 600 கிராம். விலைபோகும் புட்டி, தகரம், பால்கவர் முதலியன 400 கிராம். எந்தக் கடையும் வாங்காத பளபளப்பு உறைகள் 300 கிராம். நூறு பங்கில் 82 பங்கு மண்ணுக்கு உரியது. 13 பங்குக்குச் சற்று மேல் கடைக்கு உரியது. உண்மையில் சிக்கலானது நான்கே பங்கு! ஆனால் இவை அனைத்தையும் ஒரே பையில் கட்டி எறிந்தால் என்ன ஆகும்? நூறு பங்கும் நாறும்; நூறு பங்கும் சிக்கலாகும். பிரித்தல் என்னும் சிறு செயலின் பெருமை இதனால் விளங்கும்.

முதற்கண் ஈரக்கழிவு. இதனைப் பையில் கட்டினாலும் குப்பைமேட்டில் புதைத்தாலும் காற்றுப் புகாது. காற்றில்லாத இடத்தில் வேலை செய்யும் நுண்ணுயிர்கள் மீத்தேன் என்னும் வாயுவை வெளியிடும். நூறாண்டுக் கணக்கில் எடைக்கு எடை பார்த்தால், புவியைச் சூடேற்றுவதில் மீத்தேன் கரியமிலவாயுவினும் ஏறத்தாழ 28 மடங்கு வலியது. காற்றுப் புகும்படி மக்கவிட்டாலோ, வேறு நுண்ணுயிர்கள் வேலை செய்து எருவாக்கித் தரும். பொருள் ஒன்றே; காற்று இருந்தால் எரு, இல்லாவிட்டால் நஞ்சு.

"வீட்டில் மக்கவைத்தால் புழுக்கிறது, நாறுகிறது" என்று பலர் கைவிட்டதை நான் கண்டிருக்கிறேன். காரணம் எளிது. அடுக்களைக் கழிவில் பெரும்பகுதி தண்ணீர். நைட்ரஜன் சத்தும் மிகுதி. மக்கவைக்கும் உயிர்களுக்கு நைட்ரஜன் ஒரு பங்கு என்றால் கரி 25 முதல் 30 பங்கு வேண்டும். அக்கரியைக் கொடுப்பவை சருகும் தென்னை நார்த்தூளும். எனவே ஒரு பிடி கழிவுக்கு ஒரு பிடி காய்ந்த பொருள் என்பதைச் சூத்திரமாகக் கொள்க. பக்கத்தில் துளையிட்ட இரண்டு மண்பானைகள் போதும். அடியில் சருகு, அதன்மேல் கழிவு, அதன்மேல் நார்த்தூள். தொடக்கத்தில் சிறிது சாணக் கரைசலோ புளித்த மோரோ தெளிக்கலாம். மூன்று நாட்களுக்கு ஒருமுறை கிளறிவிடுக. ஒரு பானை நிறைந்தால் அதை மூடிவைத்து மற்றதைத் தொடங்குக. அது நிறையும் வேளையில் முதற்பானை ஏறத்தாழ எருவாகியிருக்கும். அடுப்புச் சாம்பலை இதில் கொட்ட வேண்டா. சாம்பலின் காரம் நைட்ரஜனை அம்மோனியாவாக வெளியேற்றி நாற்றத்தை மிகுவிக்கும். மீன்கழிவைப் பானையில் இடாமல் தென்னையின் தடத்தில் ஓரடி ஆழத்தில் புதைத்து மண்ணிட்டு மூடினால் நாயும் தோண்டாது, தென்னையும் வாழ்த்தும்.

"எங்களுக்கு விளை ஏது? முற்றம் ஏது? வாடகைக்கு ஓர் அறை" என்று குடியேறிய தமிழர் பலர் கேட்பர். நியாயமான கேள்வி. வரிசை வீடுகளில் குடியிருப்போர் தனித்தனியே செய்ய இயலாததைக் கூடிச் செய்யலாம். திருச்சூர் மாவட்டத்துத் தும்பூர்முழியில், கால்நடைப் பல்கலைக்கழகத்தின் பண்ணையில் உருவான முறை ஒன்று உண்டு. நான்கடி நீளம், நான்கடி அகலம், நான்கடி உயரம் உள்ள, காற்றிடைவெளி விட்ட தொட்டி. சாணம், சருகு, கழிவு என்று அடுக்கு அடுக்காக இடுவர். உள்ளே வெப்பம் 70 டிகிரி வரை ஏறும்; அவ்வெப்பத்தில் நோய்க்கிருமியும் புழுவும் மாளும். 90 நாட்களில் எரு ஆயத்தம். விளப்பில்சாலை மூடிய பின்னர்த் திருவனந்தபுரத்தார் தெருவுக்குத் தெரு கையாண்ட முறைகளுள் இதுவும் ஒன்று. ஆலப்புழை நகரமும் தன் குப்பைமேட்டை அண்டையூரார் எதிர்த்தபின் வீட்டளவிலே தீர்க்கும் வழிக்குத் திரும்பியது, 2017இல் ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு குப்பை மேலாண்மைக்கு எடுத்துக்காட்டான ஐந்து நகரங்களுள் ஒன்றாக, நம் தமிழர் வாழும் பினாங்கோடு சேர்த்து அதனைக் குறிப்பிட்டது. எறிய இடமில்லை என்ற நிலை வந்த பின்னரே அறிவு பிறந்தது என்பதைக் கவனிக்க!

அடுத்தது உலர்ந்த கழிவு. இங்கே என் தந்தையாரின் கடையே எனக்குப் பல்கலைக்கழகம். எது விலைபோகும், எது போகாது என்பதை அவர் தொட்டே சொல்வார். இரும்பு, செம்பு, அலுமினியம் என்றும் விலைபோகும். பழைய அலுமினியத்தை உருக்க, தாதுவிலிருந்து புதிதாக எடுப்பதற்கு வேண்டிய ஆற்றலில் ஏறத்தாழ 5 விழுக்காடே போதும். தண்ணீர்ப் புட்டி, எண்ணெய்க் கேன், பால்கவர் இவையும் விலைபோகும். கழுவி உலர்த்தியிருக்க வேண்டும். பால் ஒட்டிய கவரும் குழம்பு ஒட்டிய அட்டையும் நல்ல சரக்கையும் கெடுக்கும். விலைபோகாதவை எவை? முறுக்குப் பொட்டலம், ஒரு ரூபாய் ஷாம்பூ உறை, காப்பித்தூள் உறை. பார்வைக்கு ஒன்றாகத் தெரியும் அவ்வுறையில் பிளாஸ்டிக்கும் அலுமினியமும் பல படலங்களாக ஒட்டியிருக்கின்றன. அவற்றைப் பிரிக்கும் செலவு பொருளின் விலையை விஞ்சும். ஆதலின் யாரும் தொடார்.

"அண்ணாச்சி, இதை ஏன் எடுக்க மாட்டீர்கள்?" என்று கேட்கும் வாடிக்கையாளரிடம் என் தந்தையார், "விற்க முடியாததை நீங்கள் ஏன் வாங்கினீர்கள்?" என்று சிரித்துக்கொண்டே கேட்பார். பசுமைப் பொருளாதாரம் முழுவதும் இவ்வொரு கேள்வியில் அடங்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. கடையில் ஒரு பொருளைக் கையில் எடுக்கும்போதே, 'இது முடிந்தபின் எங்கே போகும்?' என்று கேட்போமாயின் பாதிக் குப்பை வீட்டுக்குள் வாராது. பத்துச் சிறு உறைக்குப் பதில் ஒரு பெரிய புட்டி. மீனுக்கு ஒரு பாத்திரம். சந்தைக்கு ஒரு துணிப்பையோ பனையோலைப் பெட்டியோ. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்கள் பலவற்றைத் தமிழகம் 2019 ஜனவரி முதலும், கேரளம் 2020 ஜனவரி முதலும் தடைசெய்துள்ளன. எல்லைக்கு இரு புறமும் சட்டம் ஒன்றே. குறை சட்டத்தில் இல்லை. வெறுங்கையோடு சந்தைக்குச் செல்லும் நம் வழக்கத்தில் இருக்கிறது.

எஞ்சிய நான்கு பங்கை என்ன செய்வது? கேரளத்தில் அதற்கு ஒரு வழி அமைந்துள்ளது. ஹரித கர்ம சேனை என்னும் பெண்கள் படை வீடு வீடாக வந்து, கழுவி உலர்த்திய பிளாஸ்டிக்கைப் பெற்றுச் செல்கிறது. எங்கள் வீட்டில் மாதம் 50 ரூபாய் கொடுக்கிறோம். மறுபடி பயனாகாதது தூளாகித் தார்ச்சாலைக்கோ, சிமென்ட் ஆலையின் சூளைக்கோ போகிறது. "குப்பையும் கொடுத்துக் காசும் கொடுப்பதா?" என்று முணுமுணுப்போர் உளர். அவர்கள் எறிந்ததைக் குனிந்து பொறுக்கும் கைக்கு மாதம் 50 ரூபாய் மிகுதி என்பவர், அந்த வேலையை ஒரு நாள் தாமே செய்து பார்க்கட்டும்!

மூன்றாவதாக ஒரு விலக்கு: எரித்தல் கூடாது. மாலை வேளையில் எங்கள் ஊரிலே விளைக்கு விளை புகை எழும். சருகோடு பிளாஸ்டிக்கையும் கூட்டிக் கொளுத்துவர். "கொசு ஓடும்" என்பது அவர்கள் வாதம். குளோரின் கலந்த பிளாஸ்டிக் எரியும்போது ஹைடிரஜன் குளோரைடு எழுகிறது. அரைகுறை வெப்பத்தில் டையாக்சின் என்னும் கொடிய நஞ்சுகளும் பிறக்கின்றன. அவை கொழுப்பில் தங்குபவை. கோழி முட்டையிலும் ஆட்டுப்பாலிலும் ஏறி மனிதனை அடைபவை. குப்பை மறைந்துவிட்டது என்று எண்ணுகிறோம். அது மூச்சுக்குள் புகுந்திருக்கிறது. கொச்சியை அடுத்த பிரம்மபுரம் குப்பைமேடு 2023 மார்ச் 2ஆம் நாள் தீப்பற்றிப் பத்து நாட்களுக்கு மேல் புகைந்ததையும் மாநகரம் மூச்சுத் திணறியதையும் கண்டோம். நம் விளையில் எழும் புகை அதன் குழந்தையே. சருகு எரிப்பதற்கு உரியதன்று. மேலே கூறிய பானைக்கு உரிய செல்வம்.

வீட்டை விட்டு வெளியேறுவது குப்பை மட்டும்தானா? கூரைமேல் பெய்த மழை வெளியேறுகிறது. நூறு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் நூறு லிட்டர் தண்ணீர். நல்ல மழை நாள் ஒன்றில் 40 மில்லிமீட்டர் பெய்தால் 4000 லிட்டர்! அது தெருவில் ஓடி, அண்டை வீட்டு வாசலை அரித்து, கடலுக்குப் போகிறது. மாசியிலும் பங்குனியிலும் நாம் வற்றிய கிணற்றை எட்டிப் பார்க்கிறோம். திருச்சூரில் 2008ஆம் ஆண்டு தொடங்கிய 'மழப்பொலிமா' திட்டம் செய்தது என்ன? கூரை நீரைக் குழாய்வழி கொணர்ந்து, மணலும் கரியும் கல்லும் இட்ட வடிகட்டியில் செலுத்திக் கிணற்றுக்குள் விட்டது. அவ்வளவே. முதல் மழையில் கூரை கழுவப்படும் நீரை மட்டும் வெளியே விட்டுவிட வேண்டும். பாத்திரம் கழுவிய நீருக்கும் வழி உண்டு. இரண்டு வாழைக்கன்று போதும். சகிரிநாரும் சாம்பலும் கொண்டு பாத்திரம் துலக்கிய நம் பாட்டிமார்க்கு இது புதுமையன்று.

விளக்கின் செய்தியும் இதுவே. கேரளம் தன் அணைகளில் எடுக்கும் மின்சாரம் அதற்குப் போதவில்லை. பெரும்பகுதியை வெளியிலிருந்து பெறுகிறது. நெய்வேலியின் பங்கும் அதில் உண்டு. ஆக, காரோட்டில் விளக்கு எரிய நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி எரிகிறது. வெளிச்சம் நமக்கு, புகை அவர்களுக்கு! 60 வாட் பழைய குமிழ் விளக்கை நாளைக்கு ஐந்து மணி நேரம் எரித்தால் மாதம் 9 யூனிட். அதே வெளிச்சம் தரும் 9 வாட் எல்.இ.டி. விளக்குக்கு ஒன்றே கால் யூனிட்டுக்குச் சற்று மேல். அடுப்பிலும் சிக்கனம் உண்டு. 1962இல் தோன்றிய கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத்து என்னும் அறிவியல் இயக்கம் 'சூடாறாப்பெட்டி'யை வீடுகளில் பரப்பியது. அரிசியைச் சிறிது நேரம் கொதிக்கவிட்டு, வெப்பம் வெளியேறாத பெட்டியுள் வைத்து மூடினால் சோறு தானே வேகும். சம்பா அரிசி உண்ணும் வீடுகளில் இதனால் மிஞ்சும் எரிவாயு சிறிதன்று.

விருந்தைப் பற்றி ஒரு சொல். ஆண்டு முழுதும் சிக்கனமாக வாழும் குடும்பம் ஒரு திருமண நாளில் ஓராண்டுக் குப்பையை உண்டாக்கிவிடுகிறது. தாள்குவளை என்று நாம் எண்ணுவதன் உட்புறம் பிளாஸ்டிக் மெழுகியிருக்கிறது. அதனால் அது மண்ணுக்கும் ஆகாது, கடைக்கும் ஆகாது. 2015இல் கேரளத்தில் நடந்த 35ஆவது தேசிய விளையாட்டு விழாவிலேயே எவர்சில்வர் தட்டும் குவளையும் வைத்து ஆயிரக்கணக்கானோர்க்குப் பரிமாற முடிந்ததென்றால், முந்நூறு பேர் வரும் திருமணத்தில் முடியாதா? வாழையிலை என்னும் அருமையான தட்டு நம் விளையிலேயே வளர்கிறதே!

இனி ஒரு மறுப்புக்கு விடை கூறக் கடமைப்பட்டுள்ளேன். "ஆலைகள் கோடிக்கணக்கில் உறைகளை உற்பத்தி செய்யும்போது ஒரு குடும்பம் பானையில் சருகு போடுவதால் என்ன பயன்? குற்றம் செய்தவனை விட்டுவிட்டு ஏழை வீட்டாருக்கு உபதேசமா?" என்று என் வகுப்புத் தோழர் ஒருவர் கேட்டார். அவர் கூற்றில் பாதி உண்மை. 2016ஆம் ஆண்டின் பிளாஸ்டிக் கழிவு விதிகள், தம் உறைகளைத் திரும்பப் பெறும் பொறுப்பை உற்பத்தியாளர்மீதே சுமத்தியுள்ளன. அப்பொறுப்பை நிறைவேற்றுமாறு நாம் உரக்கக் கேட்க வேண்டும். ஆனால் கேட்பதற்கு எண் வேண்டும். எங்கள் வீட்டில் அந்த 300 கிராம் தனியே நின்றதனால் அன்றோ, அது யாருடைய குப்பை என்று பெயர் சொல்லிக் காட்ட முடிகிறது? நூறு பங்கையும் ஒன்றாகக் கட்டி எறிபவன் யாரைச் சுட்டுவான்? தன் வாயிற்படியைச் சீர்செய்தவனுக்கே அடுத்தவன் வாயிற்படியில் நின்று கேட்கும் உரிமை உண்டு. மருத்துவமனைக் கழிவை எதிர்த்து எல்லையில் குரல் எழுப்பும் நமக்கும் இவ்வறம் பொருந்தும்.

மற்றொன்று. பசுமை வாழ்வு பற்றிய அறிவுரைகள் யாவும் ஈற்றில் யார் தலைமேல் விழுகின்றன? வீட்டுத் தாயின் தலைமேல்! பிரிப்பவள் அவள், கழுவி உலர்த்துபவள் அவள், பானையைக் கிளறுபவளும் அவளே. ஆடவர் மேடையில் பேசுவர். பெண்டிர் அடுக்களையில் செய்வர். இஃது ஒழிய வேண்டும். எங்கள் வீட்டில் பானை தம்பியின் பொறுப்பு. கடைச்சரக்கைப் பிரிப்பது தந்தையார் பொறுப்பு. சேனை அக்காமார் வரும் நாளில் கணக்கெழுதுவது என் பொறுப்பு. அம்மாவுக்கு இதில் வேலை இல்லை. இங்ஙனம் பங்கிட்டுக் கொண்டதனால்தான் அது நீடிக்கிறது என்பது என் துணிபு.

முன்னர்க் குறிப்பிட்ட முறைகேட்டுக்கு இப்பொழுது வருகிறேன். குப்பையை அகற்றுவோரை இழிவாக எண்ணும் மனமும், குப்பையை வேலிக்கு அப்பால் எறியும் மனமும் ஒன்றே. இரண்டுக்கும் அடிப்படை, 'அப்பால் இருப்பவன் என்னைப் போன்றவன் அல்லன்' என்னும் எண்ணம். ஆக்ரிக்காரரை 'ஐயா' என்று அழைக்கத் தெரிந்த வீட்டிலிருந்து உடைந்த கண்ணாடி பொதியாமல் வெளியே வராது. சேனைப் பெண்ணை 'அக்கா' என்று அழைக்கத் தெரிந்த வீட்டிலிருந்து நாறும் பை வராது. கையுறை இல்லாமல் அதைத் திறக்கும் கை யாருடையது என்று அவ்வீட்டார்க்குத் தெரியும். பசுமை என்பது தாவரத்தின்மேல் கொண்ட அன்பு மட்டுமன்று. கண்ணுக்குத் தெரியாத அயலானிடம் காட்டும் மரியாதையும் ஆகும்.

மாணவத் தோழர்களே! நம் சங்கம் ஆண்டுதோறும் விழா எடுக்கிறது. இவ்வாண்டு விழாவில் தாள்குவளையும் தண்ணீர்ப் புட்டியும் இல்லாமல், எவர்சில்வர் குவளையும் வாழையிலையும் கொண்டு விருந்தளிப்போம் என்று தீர்மானிப்போமா? குவளை கழுவும் குழுவில் என் பெயரை முதலில் எழுதிக்கொள்க. விடுமுறைக்கு ஊர் செல்வோர் ஒவ்வொருவரும் தம் வீட்டுக் குப்பையை ஏழு நாள் நிறுத்து, நான்கு வகையாகப் பிரித்துக் கணக்கெடுத்து வருவோமா? காரோட்டின் கணக்கு மேலே இருக்கிறது. நாகர்கோவிலின் கணக்கும், பாளையங்கோட்டையின் கணக்கும், மூணாற்றின் கணக்கும் வரட்டும். அவற்றை அடுத்த இதழில் அடுக்கி வெளியிடுவோம். நம் வேலிக்கு அப்பால் இருப்பவர் யார் என்பதை அறிந்து, அவர்க்கு ஒரு பிடிக் குப்பையும் அனுப்பாத வீடுகளை எல்லையின் இரு புறமும் ஆக்குவோமாக!